கேனோபி திறந்தாச்சு, இனிமேதான் வேலையே: புதுசா ஸ்கைடைவிங் கத்துக்கறவங்களுக்கு

ஸ்கைடைவிங் போறேன்னு சொன்னா வீட்ல இருந்து ஆபீஸ் வரைக்கும் எல்லாரும் கேக்கறது ஒரே கேள்விதான், பாராசூட் திறக்கலைன்னா என்னடா பண்ணுவே? நியாயமான பயம்தான், ஆனா அதுக்கு ரிசர்வ்னு ரெண்டாவது பாராசூட் ஒண்ணு இருக்கு, அதையும் நீங்க இழுக்கலைன்னா குறிப்பிட்ட உயரத்துல தானாவே ரிசர்வைத் திறந்துவிடற சைப்ரஸ் மாதிரி ஒரு கருவி இருக்கு. யாரும் கேக்காத கேள்வி ஒண்ணு இருக்கு, அதுதான் முக்கியம்: நல்லா திறந்த பாராசூட்டுக்கு (அதைத்தான் கேனோபின்னு சொல்றோம்) அடியில ஏன் இத்தனை பேர் காலை உடைச்சுக்கறாங்க, சில பேர் ஏன் செத்தே போறாங்க? பதில்ல முக்கியமான ஒண்ணு, தரைகிட்ட வந்து திரும்பினாங்க.

நான் இங்க சொல்றது அமெரிக்காவுல யுஎஸ்பிஏ (அங்க இருக்கற பாராசூட் சங்கம்) முறையில, அதாவது ஏஎஃப்எஃப்ங்கற தனியா குதிக்கப் பழக்கற கோர்ஸ்ல சொல்லித் தர்ற விஷயங்களை வச்சு. அரிசோனா ஈலாய், கலிஃபோர்னியா பெரிஸ், ஃப்ளோரிடா டிலாண்ட்னு எங்க போய் கத்துக்கிட்டாலும் அடிப்படை இதேதான். டேண்டம்ல போய் போட்டோ எடுத்துட்டு வந்தவங்களுக்கு இது எதுவும் தேவைப்பட்டிருக்காது, பின்னாடி கட்டியிருந்த இன்ஸ்ட்ரக்டர் எல்லாத்தையும் பாத்துக்கிட்டார். தனியா குதிக்கும்போது கேனோபியை ஓட்டறது நீங்கதான். இதைப் படிச்சுட்டு கிரவுண்ட் ஸ்கூலை விட்டுடலாம்னு நினைக்காதீங்க, உங்க இன்ஸ்ட்ரக்டர் வேற மாதிரி சொன்னா அவர் சொல்றதுதான் சரி, ஏன்னா அந்த எடமும் அந்த கியரும் அவருக்குத்தான் தெரியும்.

முதல்ல இது என்ன பொருள்னு தெரிஞ்சுக்கோங்க

பழைய வார் படத்துல வர்ற வட்டமான பாராசூட் இல்ல இது. செவ்வகமா, முன்பக்கம் வாய் திறந்த அறை அறையா இருக்கும், அந்த வாய் வழியா காத்து உள்ள போய் ரொம்பி விறைச்சு ஒரு ரெக்கை மாதிரி ஆயிடும். 1960கள்ல டோமினா ஜால்பர்ட்ங்கறவர் கண்டுபிடிச்ச டிசைன்ல இருந்து வந்தது. ரெக்கைங்கறதுனால அது சும்மா கீழ இறங்காது, முன்னாடி பறந்துக்கிட்டேதான் இறங்கும். திருப்பறதுக்கும் பிரேக் பிடிக்கறதுக்கும் டாகிள்னு ரெண்டு கைப்பிடி இருக்கும், அதை இழுக்காம கையை மேல விட்டா ஸ்டூடண்ட் கேனோபி ஒண்ணு மணிக்கு ஏறத்தாழ 20, 25 மைல் வேகத்துல முன்னாடி போகும், நிமிஷத்துக்கு ஆயிரம் அடி அளவுல கீழ இறங்கும். அந்த முன்வேகத்தைத்தான் கடைசியில ஃப்ளேர் பண்ணி, அதாவது ரெண்டு டாகிளையும் சேத்து கீழ இழுத்து, தூக்கலா மாத்தி மெதுவா கால் வைக்கறோம்.

அளவு விஷயத்துல விங் லோடிங்னு ஒரு கணக்கு இருக்கு. உங்க எடை, கூட கியரோட எடை, ரெண்டையும் பவுண்டுல கூட்டி கேனோபியோட சதுர அடியால வகுக்கணும். 75 கிலோ ஆளு, கியர் ஒரு 15 கிலோன்னா மொத்தம் 90 கிலோ, 198 பவுண்டு. 240 சதுர அடி நேவிகேட்டர் கேனோபியில போனா 0.83 வரும். புதுசா வர்றவங்க ஒண்ணுக்குக் கீழயே இருக்கறதுதான் நல்லது. எண் கூடக்கூட கேனோபி வேகமா ஓடும், சின்னதா டாகிளை இழுத்தாலும் வெடுக்குனு திரும்பும், தப்பு பண்ணா திருத்திக்க நேரமும் கம்மி.

திறந்த உடனே

ஆரம்ப லெவல்ல 5,500 அடியில இழுக்கச் சொல்லுவாங்க. இழுத்துட்டு அஞ்சு எண்ணி மேல பாருங்க. பாக்க வேண்டியது மூணு: இருக்கா, செவ்வகமா இருக்கா, சொன்னபடி திரும்புதா. முதல் ரெண்டும் கண்ணால தெரியும். மூணாவதுக்கு ரைசர் (தோள்ல இருந்து கயிறுகளுக்குப் போற பட்டை) பின்பக்கம் இருக்கற டாகிள் ரெண்டையும் கழட்டி கீழ இழுத்து, முதல்ல எந்தப் பக்கம் காலியோ அந்தப் பக்கம் பாத்துட்டு 90 டிகிரி திரும்பி, மறுபக்கம் 90 திரும்பி, அப்புறம் ஒரு முழு ஃப்ளேர் அடிச்சுப் பாக்கணும். இதை கண்ட்ரோல் செக்னு சொல்லுவாங்க. பார்க்க நல்லா இருக்கேன்னு இதைத் தாண்டிப் போறவங்க உண்டு, நல்லா இருக்கறது வேற, ஃப்ளேர் ஆகறது வேற, அதைத் தரையில இருந்து பத்தடி உயரத்துல தெரிஞ்சுக்கிட்டு என்ன பிரயோஜனம்.

சின்னச் சின்னத் தொந்தரவு வரும், பயப்பட வேண்டாம். ஓரத்து அறைகள் மூடியிருந்தா, இல்ல ஸ்லைடர் (கயிறுகளைச் சேத்துப் பிடிச்சுக்கிட்டு மெதுவா இறங்கி வர்ற அந்தச் சதுரத் துணி) பாதியில நின்னுட்டா, ரெண்டு டாகிளையும் முழுசா கீழ இழுத்துப் பிடிங்க, பெரும்பாலும் சரியாயிடும். கயிறு முறுக்கிக்கிட்டா ரைசர் ரெண்டையும் வெளிப்பக்கமா விரிச்சு, முறுக்கு அவிழற திசையில காலை உதைச்சுச் சுத்துங்க, அது அவிழற வரைக்கும் டாகிளைத் தொடாதீங்க.

இதெல்லாம் பண்ணிக்கிட்டே ஆல்டிமீட்டரைப் பாக்கணும். ஸ்டூடண்டுக்கு முடிவு எடுக்கற உயரம் 2,500 அடி. அதுக்குள்ள இந்தக் கேனோபியில ஃப்ளேர் பண்ணி இறங்க முடியும்னு நம்பிக்கை வரலைன்னா கட்அவே, அதாவது இந்தக் கேனோபியைக் கழட்டி விட்டுடறது. வலது பக்கம் சிவப்பு கட்அவே ஹேண்டில், இடது பக்கம் ரிசர்வ் ஹேண்டில், இதுதான் வழக்கமான அமைப்பு, முதல்ல சிவப்பு அப்புறம் ரிசர்வ், கண்ணால பாத்து, கையால பிடிச்சு, இழுத்து. ஆயிரம் அடிக்குக் கீழ போயிட்டா கட்அவே பண்ணவே கூடாது. இந்தப் பயிற்சியைத் தரையில ஹார்னஸ்ல தொங்கிக்கிட்டு சலிக்கற வரைக்கும் பண்ணுங்க, நான் எழுதினதைப் படிச்சு உங்க கைக்குப் பழகாது.

எங்க இருக்கோம், எங்க போகணும்

கேனோபி நல்லா இருக்குன்னு தெரிஞ்சதும் கீழ பாருங்க. ட்ராப்ஸோன் (குதிச்சு இறங்கற மைதானம்) எங்க, காத்து எந்தப் பக்கம், கூடக் குதிச்சவங்க எங்க. காத்துத் திசையை ஏறுறதுக்கு முன்னாடியே விண்ட்சாக்கை (காத்துத் திசை காட்டற துணிக்குழாய்) பாத்து மனசுல வச்சிருப்பீங்க, ஆனா இருபது நிமிஷம் ப்ளேன்ல இருந்திருக்கீங்க, அதுக்குள்ள மாறியிருக்கலாம், மேல இருந்து மறுபடி பாருங்க. விண்ட்சாக்கோட வாய் எந்தப் பக்கம் இருக்கோ அங்க இருந்துதான் காத்து வருது.

ஆயிரம் அடி வரைக்கும் நீங்க இருக்க வேண்டிய எடத்துக்கு ஹோல்டிங் ஏரியான்னு பேரு. இறங்கப் போற எடத்துக்கு காத்து வர்ற பக்கமா இருக்கும், அப்பதான் நீங்க கொஞ்சம் தப்பா கணக்குப் போட்டாலும் காத்து உங்களை இறங்கற எடத்தை நோக்கித் தள்ளும். அந்தப் பக்கம் இல்லாம எதிர்ப்பக்கம் போயிட்டா காத்தை எதிர்த்துத் திரும்பி வரணும், காத்து பலமா இருந்தா கேனோபி முன்னாடி போறதே தெரியாது, அப்படியே நின்ன எடத்துல இறங்கும்.

தூரமா விட்டுட்டாங்கன்னா? காத்து முதுகுப் பக்கம் இருந்தா ரெண்டு டாகிளையும் பாதி இழுத்து மெதுவா இறங்கினா காத்து கூட்டிட்டுப் போற நேரம் அதிகமாகும். காத்து முகத்துல அடிக்குதுன்னா கையை முழுசா மேல விட்டு காலை மடக்கி உடம்பைச் சின்னதா வச்சுக்கிட்டுப் போறதுதான் வழி. ஆனா 2,000 அடியில ஒரு முடிவு எடுக்கணும், போய்ச் சேர மாட்டோம்னு தோணினா உடனே வேற காலி எடம் பாத்துக்கோங்க. ட்ராப்ஸோனுக்கு வெளிய இறங்கறது அவமானமே இல்ல, அரைமணி நேரம் நடந்து வந்தா முடிஞ்சு போச்சு, எப்படியாவது போய்ச் சேர்ந்துடணும்னு கடைசி வரைக்கும் முக்கிக்கிட்டுப் போய் கூரை மேலயோ கரண்டு கம்பி மேலயோ முடியறதுதான் ஆபத்து.

இன்னொண்ணு, காதுல ரேடியோ மாட்டி கீழ இருந்து இன்ஸ்ட்ரக்டர் சொல்லிக்கிட்டே இருப்பார், நல்ல ஏற்பாடுதான், ஆனா அதை மட்டும் நம்பிப் போகாதீங்க. பேட்டரி போகலாம், அவர் உங்களை வேற ஆளுன்னு நினைக்கலாம். ரேடியோ இல்லைன்னாலும் இறங்கற திட்டம் உங்க மண்டையில இருக்கணும்.

லேண்டிங் பேட்டர்ன்

மூணு கட்டம். ஆயிரம் அடியில டவுன்விண்ட், காத்து போற திசையில இறங்கற எடத்துக்குப் பக்கவாட்டுல பறக்கறீங்க. 600 அடியில 90 டிகிரி திரும்பி பேஸ். 300 அடியில இன்னொரு 90 திரும்பி ஃபைனல், இப்ப காத்துக்கு நேர் எதிரா, இறங்கற எடத்தைப் பாத்தபடி. இந்த எண்கள் எல்லாம் ஆரம்பத்துக்கு, ட்ராப்ஸோனுக்கு ட்ராப்ஸோன் கொஞ்சம் மாறும். குதிக்கறதுக்கு முன்னாடி ட்ராப்ஸோனோட ஆகாயப் படத்துல விரலால வரைஞ்சு காட்டுங்க, இந்தச் செட் மேல 1,000, அந்த ரோடு வளைவு மேல 600, இந்த மரத்துக்கு இந்தப் பக்கம் 300னு. எண்ணோட எடமும் சேந்து மனசுல பதியணும்.

காத்து பலமா இருந்தா பேட்டர்ன் மாறும். டவுன்விண்ட்ல காத்தும் சேர்ந்து தள்ளறதால சட்டுனு தூரம் போயிடுவீங்க, ஃபைனல்ல காத்து எதிர்க்கறதால கொஞ்ச தூரம்தான் போக முடியும், அதனால டவுன்விண்டை இறங்கற எடத்துக்கு முன்னாடியே, காத்து வர்ற பக்கத்துல ஆரம்பிச்சு, பேஸை கிட்டயே வச்சுக்கணும். பேஸ்ல காத்து பக்கவாட்டுல அடிக்கும், பரிசல்ல ஆத்தைக் கடக்கறவன் எதிர்க்கரையில இறங்க வேண்டிய எடத்துக்கு மேலாக்க பாத்துத் துடுப்பு போடற மாதிரி மூக்கைக் கொஞ்சம் காத்துப் பக்கம் திருப்பி வச்சாதான் நேரா போவீங்க. ஸ்டூடண்டுக்குத் தரைக்காத்து மணிக்கு 14 மைல்தான் உச்சவரம்பு, அதுக்கு மேல போனா கீழ உக்காந்து டீ குடிக்கணும், எத்தனை ஆயிரம் ரூபா செலவு பண்ணி வந்திருந்தாலும் சரி.

எங்க இறங்கப் போறோம்னு ஃபைனல்ல தெரிஞ்சுக்க ஒரு வழி இருக்கு. முன்னாடி தரையில ஒரு புள்ளியைப் பாருங்க. அது கண்ணுல மேல ஏறிக்கிட்டே போனா அங்க போய்ச் சேர மாட்டீங்க, கீழ இறங்கி காலடிக்கு வந்துக்கிட்டே இருந்தா அதைத் தாண்டிடுவீங்க, ஏறவும் இல்லாம இறங்கவும் இல்லாம நிக்கற புள்ளிதான் நீங்க போய்ச் சேரப் போற எடம்.

ஃபைனல்ல வளைஞ்சு வளைஞ்சு எஸ் போட்டு உயரத்தைக் குறைக்காதீங்க, பின்னாடி வர்றவன் நீங்க நேரா போறீங்கன்னு நம்பி வர்றான். கேனோபிகளுக்கு நடுவுல சட்டம் ஒண்ணுதான், கீழ இருக்கறவனுக்கு வழி. மேல இருக்கறவன்தான் விலகணும், ஏன்னா கீழ இருக்கறவனுக்கு மேல பாத்தா தன் கேனோபிதான் தெரியும். நேருக்கு நேர் வந்துட்டா ரெண்டு பேரும் வலது பக்கம் திரும்பணும். எந்தத் திருப்பத்துக்கும் முன்னாடி தலையைத் திருப்பிப் பாத்துட்டு அப்புறம் டாகிளை இழுங்க, முதல் நாள்ல இருந்தே பழக்கிக்கோங்க.

தாழ்வா திரும்பறது

முதல் பாராவுல சொன்னது இதைத்தான். டாகிளை ஒரு பக்கம் ஆழமா இழுத்தா கேனோபி அந்தப் பக்கம் சாயும், சாய்ஞ்சதும் நீங்க ஊஞ்சல் மாதிரி வெளிப்பக்கம் வீசப்படுவீங்க, கேனோபி மூக்கைக் கீழ குத்தி விழும், இறங்கற வேகம் பல மடங்கு ஆகும். டாகிளை மேல விட்டதும் இது உடனே நிக்காது, கேனோபி மறுபடி உங்க தலைக்கு மேல வந்து சீராகறதுக்குக் கொஞ்சம் உயரம் வேணும். ரெண்டாயிரம் அடியில இது ஜாலி. நூறு அடியில அந்த உயரம் உங்க கிட்ட இல்ல, தரைதான் இருக்கு.

நல்ல பழக்கமுள்ளவங்க கூட ஏன் பண்றாங்கன்னா ரெண்டு காரணம். ஒண்ணு, கடைசி நேரத்துல முன்னாடி ஏதோ தெரியுது, வேலியோ பள்ளமோ இன்னொரு ஆளோ. ரெண்டாவது, காத்துக்கு எதிராத்தான் இறங்கணும்னு மண்டையில ஏத்தி வச்சிருக்காங்க, திசை தப்புன்னு 150 அடியில தெரியுது, உடனே இழுத்துத் திருப்பறாங்க. காத்துக்கு எதிரா இறங்கினா வேகம் கம்மி, சுகமா இருக்கும், சரி. ஆனா முன்னுரிமை வரிசையில அது முதல்ல இல்ல. முதல்ல ரெக்கை சமமா, நேரா பறந்துக்கிட்டு இருக்கணும். ரெண்டாவது தடை இல்லாத எடம். மூணாவது பாதி அளவாவது ஃப்ளேர். நாலாவது பிஎல்எஃப், அதாவது காலை ஒட்டி வச்சு உருண்டு இறங்கறது. இந்த நாலும் இருந்தா காத்து எந்தப் பக்கம் அடிச்சாலும் பெரும்பாலும் எழுந்து நடந்துதான் போவீங்க.

அதனால 200 அடியில காத்தோட போறீங்கன்னு தெரிஞ்சா அப்படியே போங்க. தரை வேகமா ஓடற மாதிரி இருக்கும், அந்தப் பயத்துல சீக்கிரமா ஃப்ளேர் பண்ணத் தோணும், பண்ணாதீங்க, வழக்கமான அதே உயரத்துல பண்ணுங்க, கால் ரெண்டையும் சேத்து வச்சு உருளத் தயாரா இருங்க. பேண்ட் கிழியும், புல்லு சட்டைக்குள்ள போகும், அவ்வளவுதான்.

திரும்பியே ஆகணும், வேற வழி இல்லைன்னா, பிரேக்கோட திரும்பற முறை இருக்கு. ரெண்டு டாகிளையும் முதல்ல பாதி இழுத்துட்டு, திரும்ப வேண்டிய பக்கத்தை மட்டும் இன்னும் கொஞ்சம் இழுக்கணும், இல்லைன்னா எதிர்ப்பக்கத்தைக் கொஞ்சம் மேல விடணும். கேனோபி ரொம்பச் சாயாம தட்டையா திரும்பும், உயரம் கம்மியாத்தான் போகும். இதை மேல, 2,500 அடிக்கு மேல கைக்குப் பழகற வரைக்கும் செஞ்சு பாத்திருந்தாதான் கீழ பதட்டத்துல கை தானா அதைச் செய்யும். என் கணக்குல ஃப்ரீஃபால்ல குட்டிக்கரணம் போடக் கத்துக்கறதை விட இது பத்து மடங்கு முக்கியம், ஆனா இதை யாரும் வீடியோ எடுத்துப் போட மாட்டாங்க.

ஃப்ளேர்

தரையில இருந்து பத்து, பன்னெண்டு அடி உயரத்துல, கையை முழுசா மேல விட்ட நிலையில இருந்து ரெண்டு டாகிளையும் ஒரே சீரா கீழ இழுத்து இடுப்பு வரைக்கும் கொண்டு வந்து அப்படியே பிடிச்சுக்கணும். கண்ணு நேர் கீழ பாக்கக் கூடாது, முன்னாடி சாய்வா தூரத்துல பாக்கணும், காலடியையே பாத்தா உயரம் தெரியாது, தரை எகிறி வர்ற மாதிரி இருக்கும்.

சீக்கிரமா ஃப்ளேர் பண்ணிட்டீங்க, இன்னும் உயரமா இருக்கீங்கன்னா கையை மேல விட்டுடாதீங்க. விட்டா கேனோபி முன்னாடி பாய்ஞ்சு மூக்கைக் குத்தும். எங்க இருக்கோ அங்கயே நிறுத்திப் பிடிச்சு, தரை கிட்ட வந்ததும் மீதியை இழுத்து முடிச்சு, பிஎல்எஃப். இன்னொரு வழக்கமான தப்பு, விழப்போறோம்னு ஒரு கையைத் தரையை நோக்கி நீட்டறது. நீட்டின கையில டாகிள் இருக்கு, அந்தப் பக்கம் இழுபடும், கேனோபி அந்தப் பக்கமே திரும்பி உங்களை இன்னும் வேகமா அடிக்கும், மணிக்கட்டும் போகும்.

பிஎல்எஃப்னா கால் பாதம், முழங்கால் ரெண்டையும் ஒட்டி வச்சு, முழங்காலை லேசா மடக்கி, பாதத்துல தொடங்கி கெண்டைக்கால், தொடை, இடுப்பு, அப்புறம் எதிர்ப்பக்கத் தோள்னு உருண்டு அடியைப் பரப்பிக் கொடுக்கறது. நின்னு இறங்கினாத்தான் ஸ்டைல்னு நினைச்சு இதை விடறவங்கதான் கணுக்காலுக்குக் கட்டு போட்டுக்கிட்டு பார்பிக்யூ பக்கம் உக்காந்திருப்பாங்க.

சரியான எடம் கிடைக்கலைன்னா

சுருக்கமா சொல்றேன். கட்டடம், மரவரிசை இதுக்குப் பின்னாடி, அதாவது காத்து போற பக்கம், காத்து கலங்கி சுழலும், தடையோட உயரத்தைப் போல பத்து, இருபது மடங்கு தூரம் வரைக்கும் அது இருக்கலாம், அதனால கூரைக்குப் பின்னாடி ஒட்டி இறங்காதீங்க. ஈலாய் மாதிரி பாலைவன ட்ராப்ஸோன்ல மதிய வெயில்ல புழுதிச் சுழல் வேற கிளம்பும், அதைப் பாத்தா ஒதுங்கிடணும். கரண்டு கம்பியை மேல இருந்து பாத்தா தெரியாது, கம்பம்தான் தெரியும், ரெண்டு கம்பத்தைப் பாத்தா நடுவுல கம்பி இருக்குன்னு எடுத்துக்கோங்க. தவிர்க்கவே முடியலைன்னா பிரேக் பிடிச்சு கம்பிக்கு இணையா போங்க, குறுக்க போகாதீங்க, மாட்டிக்கிட்டா கரண்டை நிறுத்திட்டாங்கன்னு உறுதியாகற வரைக்கும் யாரையும் கிட்ட விடாதீங்க. மரத்துல போனா காலை இறுக்கி ஒட்டி முகத்தை மூடி, மாட்டினப்புறம் இறங்க முயற்சி பண்ணாம ஆள் வர்ற வரைக்கும் தொங்குங்க, மரத்துல மோதினதை விட மரத்துல இருந்து இறங்கப் போய் விழுந்ததுதான் பெரிய அடியா முடியும்.

தண்ணின்னா செஸ்ட் ஸ்ட்ராப்பைக் கழட்டி, ஃப்ளேர் பண்ணி, கால் நனைஞ்சப்புறம் மட்டும் கட்அவே. உயரத்தைத் தப்பா எடை போட்டு மேலயே கட்அவே பண்ணிடாதீங்க, தண்ணி மேல உயரம் தெரியவே தெரியாது.

இறங்கினப்புறம்

நின்னதும் உடனே திரும்பி கேனோபியைப் பாருங்க, ஒரு டாகிளை மட்டும் இழுத்துச் சுருட்டுங்க, காத்து பிடிச்சா இழுத்துக்கிட்டுப் போகும். அதுக்கும் அடங்காம உங்களைத் தரையில இழுத்துட்டுப் போகுதுன்னா அப்ப கட்அவே பண்ணிடலாம். அப்புறம் மேல பாருங்க, பின்னாடி யாரு வர்றாங்கன்னு, பாத்துட்டு இறங்கற எடத்தை விட்டு சீக்கிரம் வெளிய வந்துடுங்க, நடுவுல நின்னு செல்ஃபி வேண்டாம். லாக்புக்ல ஃப்ரீஃபால்ல என்ன பண்ணோம்னு மட்டும் எழுதாம, 1,000, 600, 300ல எந்த எடத்துல இருந்தேன், குறியில இருந்து எவ்வளவு தள்ளி இறங்கினேன், எந்தப் பக்கம் தள்ளின்னு எழுதுங்க, பத்து ஜம்ப் சேர்ந்தா உங்க தப்பு எப்பவும் ஒரே பக்கமா இருக்கறது தெரியும்.

25 ஜம்ப்ல ஏ லைசென்ஸ் வந்ததும் எல்லாருக்கும் வர்ற ஆசை சின்ன கேனோபி. செகண்ட்ஹேண்ட்ல மலிவா ஒரு 150 சதுர அடி கேனோபி கிடைக்குது, நண்பன் அதைத்தான் ஓட்டறான், நாமளும் வாங்கலாமான்னு. இருங்க. இப்ப இருக்கற கேனோபியிலயே காத்தோடயும் பக்கக்காத்துலயும் காயமில்லாம இறங்க வருதா, பிரேக் பிடிச்ச நிலையில இருந்து ஃப்ளேர் பண்ண வருதா, தட்டையா திரும்ப வருதா, சொன்ன எடத்துல பத்துக்கு எட்டு தடவையாவது இறங்கறீங்களா? பி லைசென்ஸுக்கு எப்படியும் கேனோபி கோர்ஸ் பண்ணியாகணும், அதை முன்கூட்டியே பண்ணிடுங்க, அந்தக் கோச்சையே கேளுங்க. அவர் சரின்னா ஒரு நேரத்துல ஒரு அளவு மட்டும் குறைங்க, வாங்கறதுக்கு முன்னாடி ட்ராப்ஸோன்ல அதே அளவை வாடகைக்கு எடுத்து காத்து கம்மியா, சீரா இருக்கற காலை நேரத்துல ஓட்டிப் பாருங்க, செகண்ட்ஹேண்ட் கியரை ரிக்கர் (பாராசூட்டைச் சரிபாக்கற டெக்னீஷியன்) பிரிச்சுப் பாத்து சொல்ற வரைக்கும் காசு கொடுக்காதீங்க.